கனடாவில் படித்து முடித்து சின்ன ஊரில் தொழில் தொடங்கலாமா? வெளிநாட்டு மாணவர்களின் கடைக் கனவும் விசா கணக்கும்

கனடாவுக்குப் படிக்கப் போகும் மாணவர்களின் திட்டம் பெரும்பாலும் ஒன்றுதான். படிப்பு, வேலை, அப்புறம் பி.ஆர் எனப்படும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை. இந்த வரிசையில் இப்போது இன்னொரு வார்த்தையும் சேர்ந்திருக்கிறது. சொந்தத் தொழில்.

டொரன்டோவில் கடை பிடிக்க முடியாது, வாடகை கட்டுப்படியாகாது. ஆனா சின்ன ஊருக்குப் போனா போட்டி குறைவு, சொந்தமா ஏதாவது ஆரம்பிக்கலாம், அதை வெச்சே பி.ஆரும் வாங்கிடலாம். கன்சல்டன்சி அலுவலகங்களிலும் யூடியூப் வீடியோக்களிலும் இப்படியொரு பேச்சு சுற்றிக்கொண்டிருக்கிறது.

இதில் முதல் பாதி பெரும்பாலும் உண்மை. இரண்டாம் பாதியில்தான் சிக்கல். சொந்தத் தொழில் நடத்தும் நாட்கள், பி.ஆர் கணக்கில் சேராமலே போகலாம். கடை நன்றாக ஓடினாலும், விசா முடிந்து ஊர் திரும்ப வேண்டிய நிலை வரலாம். அது எப்படி? அதைத் தவிர்க்க வழி உண்டா? விரிவாகப் பார்ப்போம்.

எந்த 'சின்ன ஊர்'?

கனடாவின் கிழக்குக் கரையில் நோவா ஸ்கோஷியா என்றொரு மாகாணம். அதன் கேப் பிரெட்டன் தீவில் சிட்னி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஆஸ்திரேலியாவின் சிட்னி இல்லை, இது வேறு. நிலக்கரியும் இரும்பு ஆலையும்தான் ஒரு காலத்தில் இந்த ஊரின் அடையாளம். 2001ஆம் ஆண்டுவாக்கில் இரும்பு ஆலையும் மூடப்பட்டது, அரசு நடத்திய நிலக்கரிச் சுரங்கமும் மூடப்பட்டது. வேலை போனதும் இளைஞர்கள் வெளியேறினார்கள். 2001இல் 1 லட்சத்தைத் தாண்டியிருந்த கேப் பிரெட்டன் நகராட்சிப் பகுதியின் மக்கள்தொகை, 2021 கணக்கெடுப்பில் சுமார் 94 ஆயிரமாகக் குறைந்தது. நம் புதுக்கோட்டை நகரத்தைவிடக் குறைவு.

இந்த ஊருக்குத் திரும்பவும் இளைஞர்கள் வரத் தொடங்கியது கேப் பிரெட்டன் பல்கலைக்கழகத்தால். 2010களின் பிற்பகுதியில் அங்கே வெளிநாட்டு மாணவர் சேர்க்கை வேகமாக உயர்ந்தது. வந்தவர்களில் பெரும்பங்கு இந்திய மாணவர்கள்.

இதே போன்ற இன்னோர் ஊர் செயின்ட் ஜான்ஸ். நியூஃபவுண்ட்லாந்து அண்ட் லாப்ரடார் மாகாணத்தின் தலைநகரம். 2021 கணக்கெடுப்பின்படி நகர மக்கள்தொகை சுமார் 1.10 லட்சம். இங்கே இருப்பது மெமோரியல் பல்கலைக்கழகம்.

இந்த மாகாணத்துக்கும் தமிழர்களுக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. 1986 ஆகஸ்டில் 155 இலங்கைத் தமிழர்கள் உயிர்காப்புப் படகுகளில் கடலில் தத்தளித்தபோது, அவர்களைக் கரைசேர்த்தவர்கள் நியூஃபவுண்ட்லாந்து மீனவர்கள்தான். ஆனால் கரையேறியவர்கள் அங்கே தங்கவில்லை. சில நாட்களிலேயே மான்ட்ரியலுக்கும் டொரன்டோவுக்கும் போய்விட்டார்கள்.

சின்ன ஊர்களின் நீண்ட காலக் கவலையும் அதுதான். ஆட்கள் வருகிறார்கள், ஆனால் தங்குவதில்லை. படித்து முடித்த மாணவர் அங்கேயே ஒரு கடையோ கம்பெனியோ தொடங்கினால் தங்குவார் என்பது அந்த மாகாணங்களின் கணக்கு.

சின்ன ஊருக்கு ஏன் புது முதலாளிகள் தேவை?

காரணம், பழைய முதலாளிகளுக்கு வயசாகிவிட்டது.

கனடாவின் சிறு தொழில் கூட்டமைப்பான சி.எஃப்.ஐ.பி, 2023 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. அடுத்த 10 ஆண்டுகளில் தொழிலை விட்டு வெளியேறத் திட்டமிட்டிருப்பதாக 76 சதவீத சிறு தொழில் உரிமையாளர்கள் அதில் சொல்லியிருக்கிறார்கள். ஆனால் அடுத்து யார் நடத்துவது என்று முறையாகத் திட்டம் எழுதி வைத்திருப்பவர்கள் 9 சதவீதம் பேர்தான்.

பெரிய நகரத்தில் ஒரு கடை மூடினால் பக்கத்துத் தெருவில் இன்னொன்று இருக்கும். சின்ன ஊரில் ஒரே ஒரு பேக்கரி, ஒரே ஒரு கார் ரிப்பேர் ஷெட், ஒரே ஒரு கணக்கர் அலுவலகம் என்றால், அது மூடும்போது ஊருக்கே அந்தச் சேவை இல்லாமல் போகிறது. அதனால்தான் புதிதாகத் தொடங்குபவரை மட்டுமல்ல, ஓடிக்கொண்டிருக்கும் கடையை வாங்கி நடத்தத் தயாராக இருப்பவரையும் இந்த ஊர்கள் தேடுகின்றன.

வெளியிலிருந்து வந்தவர்கள் சின்ன ஊரில் ஜெயித்த கதையும் இருக்கிறது. நோவா ஸ்கோஷியாவில் ஆன்டிகோனிஷ் என்றொரு சிற்றூர். மக்கள்தொகை சுமார் 5 ஆயிரம். சிரியாவின் டமாஸ்கஸில் சாக்லேட் தொழில் நடத்திய ஹதாத் குடும்பம், போரில் ஆலையை இழந்து, அகதிகளாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தது. வீட்டுச் சமையலறையில் சாக்லேட் செய்யத் தொடங்கினார்கள். அதுதான் இன்று கனடா முழுக்கத் தெரிந்த 'பீஸ் பை சாக்லேட்'. 2016இல் அப்போதைய பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ ஐ.நா. சபைப் பேச்சிலேயே இவர்களைக் குறிப்பிட்டார்.

இந்தக் கதையை மாணவர்களுக்கு உதாரணமாகச் சொல்பவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிடுகிறார்கள். அந்தத் திட்டத்தில் வந்த சிரிய அகதிகள் கனடாவில் இறங்கும்போதே பி.ஆர் பெற்றவர்கள். கடை முதல் வருடம் நஷ்டத்தில் ஓடினாலும் நாட்டை விட்டுப் போக வேண்டியதில்லை. மாணவருக்கு அந்த வசதி இல்லை. அவருடைய கடைக்குப் பக்கத்தில் எப்போதும் ஒரு காலண்டர் ஓடிக்கொண்டே இருக்கிறது.

மாணவர் சட்டப்படி தொழில் தொடங்கலாமா?

தொடங்கலாம். அதில் சந்தேகமில்லை.

படிப்பு முடிந்ததும் தகுதியுள்ள மாணவர்களுக்கு 'போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்' கிடைக்கும். படித்த காலத்தைப் பொறுத்து 8 மாதம் முதல் 3 ஆண்டு வரை இது செல்லும். 2 ஆண்டு அல்லது அதற்கு மேல் படித்தவர்களுக்கு பொதுவாக 3 ஆண்டு. இது ஓபன் வொர்க் பெர்மிட். அதாவது குறிப்பிட்ட முதலாளியிடம்தான் வேலை பார்க்க வேண்டும் என்ற கட்டுப்பாடு இல்லை. சொந்தமாகவும் தொழில் செய்யலாம்.

இதில் மூன்று விஷயங்களைக் கவனிக்க வேண்டும்.

ஒன்று, இந்த பெர்மிட் வாழ்நாளில் ஒரு முறைதான். தீர்ந்த பிறகு இன்னொரு படிப்பு படித்து இன்னொன்று வாங்க முடியாது.

இரண்டு, படிப்பு முடிந்தது உறுதியான நாளிலிருந்து 180 நாட்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும்.

மூன்று, பாஸ்போர்ட் எந்தத் தேதியில் காலாவதியாகிறதோ அதுவரைதான் பெர்மிட் தருவார்கள். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்த பிறகு மீதிக் காலத்தைக் கேட்டு வாங்கலாம். ஆனால் அது இன்னொரு விண்ணப்பம், இன்னொரு செலவு.

அப்போ சிக்கல் எங்கே?

பி.ஆர் விதியில்.

கனடாவில் படித்தவர்கள் பி.ஆருக்குப் போகும் முக்கியப் பாதை, எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வரும் 'கனடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ்'. இதற்குக் கனடாவில் குறைந்தது ஒரு வருட வேலை அனுபவம் வேண்டும். மணிக்கணக்கில் சொன்னால் 1,560 மணி நேரம். அதுவும் திறன் சார்ந்த வேலையாக இருக்க வேண்டும். காபி கடையில் கவுன்ட்டர் வேலை இதில் சேராது. அதே கடையில் சூப்பர்வைசர் வேலை சேரும்.

இந்தப் பாதையில் சுயதொழில் அனுபவம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படாது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது.

அதாவது, ஒரு மாணவர் தன் 3 வருட பெர்மிட் முழுக்கச் சொந்தக் கடை நடத்தி, 4 பேருக்கு வேலையும் கொடுத்து, வரியும் ஒழுங்காகக் கட்டியிருந்தாலும், இந்தப் பாதையில் அவருடைய வேலை அனுபவம் பூஜ்யம். அவர் கடையில் சம்பளத்துக்கு இருந்த சூப்பர்வைசருக்கு பி.ஆர் கிடைக்கலாம். முதலாளிக்குக் கிடைக்காது.

சரி, சொந்தக் கம்பெனியைப் பதிவு செய்து, அதிலிருந்து நமக்கு நாமே சம்பளம் போட்டுக்கொண்டால்? அதுவும் சுலபமாக எடுபடாது. கம்பெனியில் யாருக்கு எவ்வளவு பங்கு, கட்டுப்பாடு யார் கையில் என்று குடிவரவு அதிகாரிகள் பார்ப்பார்கள். பெரும்பங்கு உங்களுடையது என்றால் அதையும் சுயதொழில் என்றே எடுத்துக்கொள்வார்கள்.

கிழக்குக் கரை மாகாணங்களுக்கென்றே இருக்கும் 'அட்லான்டிக் இமிக்ரேஷன் புரோகிராம்' கூட ஒரு முதலாளியின் வேலை வாய்ப்புக் கடிதத்தைக் கேட்கிறது. உங்களுக்கே பெரும்பங்கு உள்ள கம்பெனியிலிருந்து நீங்களே எழுதிக்கொள்ளும் கடிதம் அங்கே செல்லாது. 2025 ஜனவரியில் அறிவிக்கப்பட்ட, 14 சிற்றூர்ப் பகுதிகளுக்கான 'ரூரல் கம்யூனிட்டி இமிக்ரேஷன் பைலட்' திட்டத்துக்கும், அங்கீகாரம் பெற்ற முதலாளியின் வேலைக் கடிதம் வேண்டும்.

தொழில் செய்பவர்களுக்கென்று தனிப் பாதை இல்லையா?

இருக்கிறது. ஆனால் அது மத்திய அரசின் கையில் இல்லை, மாகாணங்களின் கையில்.

ஒவ்வொரு மாகாணமும் தனக்குத் தேவையானவர்களைப் பரிந்துரைக்கும் மாகாண நியமனத் திட்டத்தில், சில மாகாணங்கள் தங்களிடம் படித்த மாணவர்களுக்கென்றே தொழில் முனைவோர் பிரிவு வைத்திருக்கின்றன.

நோவா ஸ்கோஷியா 2016இல் 'இன்டர்நேஷனல் கிராஜுவேட் என்டர்பிரனர்' என்ற பிரிவைத் தொடங்கியது. அதில் வைக்கப்பட்ட அடிப்படை நிபந்தனைகள் இவை:

• அந்த மாகாணத்தின் பல்கலைக்கழகத்திலோ, நோவா ஸ்கோஷியா கம்யூனிட்டி காலேஜிலோ குறைந்தது 2 ஆண்டு முழுநேரப் படிப்பு.
• செல்லுபடியாகும் போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட்.
• தொழிலில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு உரிமை.
• அந்தத் தொழிலை அதே மாகாணத்தில் குறைந்தது ஒரு வருடம் தொடர்ந்து நடத்தியிருக்க வேண்டும்.
• அன்றாட நிர்வாகத்தில் நேரடியாக ஈடுபட வேண்டும். பணம் போட்டுவிட்டு வேறு ஊரில் இருக்க முடியாது.
• மொழித் தேர்வில் சி.எல்.பி 7 நிலை.

நியூஃபவுண்ட்லாந்திலும் இதே பெயரில் ஒரு பிரிவு வந்தது. மெமோரியல் பல்கலைக்கழகம், காலேஜ் ஆஃப் தி நார்த் அட்லான்டிக் ஆகியவற்றில் படித்தவர்களுக்கானது. அங்கேயும் மூன்றில் ஒரு பங்கு உரிமை, ஒரு வருட நடத்தை என்ற நிபந்தனைகள்தான். ஆல்பர்ட்டாவிலும் அங்கே படித்தவர்களுக்கெனத் தனிப் பிரிவு உண்டு.

இவற்றில் இருக்கும் பொதுவான அம்சத்தைக் கவனியுங்கள். எந்த மாகாணத்தில் படித்தீர்களோ அங்கேதான் தொழில். ஒன்டாரியோவில் படித்துவிட்டு, பிறகு நோவா ஸ்கோஷியாவுக்குப் போய்க் கடை போட்டால் இந்தப் பிரிவு திறக்காது. ஆக, எந்தத் தொழில், எந்த ஊர் என்ற முடிவைப் படிப்பு முடிந்த பிறகு எடுத்தால் லேட். சென்னையிலோ திருச்சியிலோ உட்கார்ந்து காலேஜ் தேர்வு செய்யும் நாளிலேயே அது பாதி முடிவாகிவிடுகிறது.

பணம் இருந்தால் வேற வழி உண்டா?

மாணவர் என்ற அடையாளம் தேவையில்லாத, முதலீடு சார்ந்த பாதைகளும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியா 2019இல் சிற்றூர்களுக்கான தொழில் முனைவோர் பிரிவைத் தொடங்கியது. 75 ஆயிரத்துக்குக் குறைவான மக்கள்தொகை கொண்ட ஊர்களுக்கானது. குறைந்தபட்ச முதலீடு 1 லட்சம் கனடிய டாலர். சொத்து மதிப்பு 3 லட்சம் டாலர் காட்ட வேண்டும். ஆல்பர்ட்டாவின் கிராமப்புறத் தொழில் முனைவோர் பிரிவிலும் இதே அளவுதான் கேட்கிறார்கள்.

ரூபாயில் பார்த்தால், 1 லட்சம் டாலர் என்பது 60 லட்சத்தை ஒட்டியோ தாண்டியோ வரும். சொத்துக் கணக்கு ஒன்றரைக் கோடியைத் தாண்டும். எஜுகேஷன் லோன் போட்டுப் படிக்கப் போகும் குடும்பத்துக்கு இது எட்டாத தூரம். அதனால்தான் முதலீட்டுத் தொகைக்குப் பதில் படிப்பையும் ஒரு வருட உழைப்பையும் தகுதியாக எடுத்துக்கொள்ளும் மாணவர் பிரிவுகளுக்கு மதிப்பு அதிகம்.

36 மாதம் எப்படிக் கரைகிறது?

3 வருட பெர்மிட் என்று கேட்கும்போது நிறைய நேரம் இருப்பது போலத் தெரியும். ஓர் உதாரணக் கணக்கு போட்டுப் பார்ப்போம்.

பெர்மிட் கைக்கு வந்ததும் கம்பெனிப் பதிவு, பேங்க் கணக்கு, கடைக்கு இடம், இன்சூரன்ஸ், உரிமங்கள். இதற்கு 4 மாதம் என்று வைப்போம். அதன்பின் ஒரு வருடம் கடை நடத்த வேண்டும். மொத்தம் 16 மாதம். இனி மாகாணத்திடம் விருப்பத்தைப் பதிவு செய்து, அழைப்புக்குக் காத்திருக்க 4 மாதம். ஆவணங்கள் கொடுத்து, பரிந்துரை கைக்கு வர 6 மாதம். இப்போது 26 மாதம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மத்திய அரசிடம் பி.ஆர் விண்ணப்பம். அதற்கே ஒரு வருடத்துக்கு மேல் ஆகலாம். தகுதி இருந்தால் இடைக்காலத்துக்கு பிரிட்ஜிங் வொர்க் பெர்மிட் கேட்கலாம்.

இது எல்லாம் சரியாக நடந்தால் வரும் கணக்கு. படிப்பு முடிந்ததும் வேலை தேடி ஒரு வருடம் போன பிறகு, சரி கடை போடலாம் என்று முடிவெடுத்தால்? 26 என்பது 38 ஆகிவிடும். பெர்மிட் 36இல் முடிந்துவிடும்.

பெர்மிட் 1 வருடம்தான் என்றால் இந்தப் பாதையில் ஓராண்டு கடை நடத்தி முடிக்கவே நேரம் இருக்காது. ஒரு வருடப் படிப்பில் காசு மிச்சம் என்று சேருபவர்கள் இதை யோசிக்க வேண்டும். முதுகலைப் பட்டத்துக்கு மட்டும் விதிவிலக்கு உண்டு. 2024 பிப்ரவரி 15 முதல், 2 ஆண்டுக்குக் குறைவான முதுகலைப் பட்டம் முடித்தவர்களும் 3 வருட பெர்மிட் கேட்கலாம். ஆனால் மாகாணம் கேட்கும் '2 ஆண்டுப் படிப்பு' நிபந்தனை வேறு. இரண்டையும் தனித்தனியாகச் சரிபார்க்க வேண்டும்.

பிசினஸ் டிப்ளமோ படிச்சா பிசினஸ் செய்யலாமா?

இங்கேதான் பலர் சிக்குகிறார்கள்.

2024 நவம்பர் 1க்குப் பிறகு ஸ்டடி பெர்மிட்டுக்கு விண்ணப்பிப்பவர்களுக்கு விதி மாறியிருக்கிறது. இளங்கலை, முதுகலை, முனைவர் பட்டம் படிப்பவர்களுக்குப் பாடப் பிரிவில் கட்டுப்பாடு இல்லை. ஆனால் டிப்ளமோ, சான்றிதழ் போன்ற பட்டமல்லாத படிப்புகளுக்கு, அரசு வெளியிட்ட பட்டியலில் உள்ள பாடமாக இருந்தால்தான் போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட். விவசாயம், மருத்துவ சேவை, அறிவியல் தொழில்நுட்பம், கைத்தொழில்கள், போக்குவரத்து போன்றவை பட்டியலில் வருகின்றன.

பொதுவான பிசினஸ் மேனேஜ்மென்ட் டிப்ளமோ அந்தப் பட்டியலில் இல்லை. தொழில் தொடங்கும் ஆசையில் பிசினஸ் டிப்ளமோ படித்தவருக்கு, தொழில் செய்வதற்கான பெர்மிட்டே கிடைக்காது. அதே ஊரில் பட்டியலில் உள்ள ஒரு கைத்தொழிலைப் படித்தவர் அந்தக் கடையைத் திறந்துவிடலாம்.

இதற்கு முன் மாணவர் எண்ணிக்கையிலும் அரசு கை வைத்துவிட்டது. 2024 ஜனவரியில் புதிய ஸ்டடி பெர்மிட்டுகளுக்கு உச்சவரம்பு கொண்டுவந்து, முந்தைய ஆண்டைவிட 35 சதவீதம் குறைக்கப் போவதாக அறிவித்தது.

கம்பெனி பதிவு, வரி: தெரிய வேண்டியவை

கனடாவில் கம்பெனியை மத்திய அரசிலும் பதிவு செய்யலாம், மாகாணத்திலும் பதிவு செய்யலாம். மத்தியச் சட்டப்படி பதிவு செய்தால் இயக்குநர்களில் குறைந்தது 25 சதவீதம் பேர் கனடாவில் வசிக்கும் குடிமக்களாகவோ பி.ஆர் பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். ஒரே இயக்குநர் என்றால் அவரே அப்படி இருக்க வேண்டும். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் மாணவர் தனி ஆளாக இதில் பதிய முடியாது.

இதற்காகத் தெரிந்த ஒருவரின் பெயரைச் சும்மா இயக்குநராகப் போடுபவர்கள் உண்டு. அது ஆபத்து. கம்பெனி முடிவுகளில் அவருக்கும் சட்டப்படி உரிமை வந்துவிடும். நோவா ஸ்கோஷியா, பிரிட்டிஷ் கொலம்பியா போன்ற பல மாகாணச் சட்டங்களில் இந்த நிபந்தனை இல்லை. அங்கே மாகாண அளவில் பதிவு செய்தால் போதும்.

விற்பனை வரி இன்னொன்று. தொடர்ந்து 4 காலாண்டுகளில் விற்பனை 30 ஆயிரம் டாலரைத் தாண்டினால் ஜி.எஸ்.டி, எச்.எஸ்.டி பதிவு கட்டாயம். நோவா ஸ்கோஷியாவில் எச்.எஸ்.டி 2025 ஏப்ரல் 1 முதல் 14 சதவீதம். சுயதொழில் செய்பவர்கள் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்ய ஜூன் 15 வரை அவகாசம் உண்டு. ஆனால் கட்ட வேண்டிய வரியை ஏப்ரல் 30க்குள் கட்டிவிட வேண்டும். தாமதித்தால் வட்டி ஓடும்.

இந்தக் கணக்குகளைச் சுத்தமாக வைப்பது வரித்துறைக்காக மட்டுமல்ல. ஒரு வருடம் தொழில் நடத்தினேன் என்று மாகாணத்திடம் நிரூபிக்கப் போவதும் இதே காகிதங்களை வைத்துத்தான். கையில் காசு வாங்கி, ரசீது போடாமல் நடத்திய டிஃபன் சர்வீஸ் நன்றாக ஓடியிருக்கலாம். காகிதத்தில் அது நடக்கவே இல்லை.

கடன் கிடைக்குமா?

கஷ்டம். கனடாவில் கடன் வரலாறு இல்லாதவர், 3 வருட பெர்மிட்டில் இருப்பவர் என்றால் பேங்க் தயங்கும். அரசு ஆதரவுடன் இளைஞர்களுக்குத் தொழில் கடன் தரும் ஃப்யூச்சர்பிரனர் போன்ற அமைப்புகளின் அடிப்படைக் கடன் திட்டமும் 18 முதல் 39 வயது வரையுள்ள குடிமக்கள், பி.ஆர் பெற்றவர்களுக்கானது.

ஆகவே முதல் வருட முதலீடு பெரும்பாலும் ஊரிலிருந்துதான் வர வேண்டியிருக்கும். ஏற்கெனவே வீட்டை அடமானம் வைத்துப் படிப்புக்குக் கடன் வாங்கிய குடும்பம், கடைக்காக இன்னொரு கடன் வாங்குவதற்கு முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டும். கடை தோற்றால் எவ்வளவு போகும் என்பதோடு, கடை ஜெயித்தும் பி.ஆர் கிடைக்காவிட்டால் எவ்வளவு போகும்? அவசரத்தில் விற்கும் கடைக்கு நல்ல விலை கிடைக்காது.

பணம் இல்லாமல் கிடைக்கும் உதவியும் இருக்கிறது. செயின்ட் ஜான்ஸில் மெமோரியல் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஜெனசிஸ் சென்டர், புது நிறுவனங்களை வளர்த்தெடுக்கும் இடம். அங்கே வளர்ந்த வெராஃபின் என்ற மென்பொருள் நிறுவனத்தை 275 கோடி அமெரிக்க டாலருக்கு வாங்குவதாக 2020இல் நாஸ்டாக் அறிவித்தது. அதைத் தொடங்கியவர்கள் வெளிநாட்டு மாணவர்கள் இல்லை. ஆனால் ஒரு லட்சம் பேர் உள்ள ஊரிலிருந்தும் பெரிய கம்பெனி வர முடியும் என்பதற்கு அது சாட்சி. சின்ன ஊரில் பேராசிரியரும் வழக்கறிஞரும் நகராட்சி அதிகாரியும் நேரில் சந்திக்கக்கூடிய தூரத்தில் இருப்பார்கள். பெரிய நகரத்தில் இது எளிதில் கிடைக்காது.

யாருக்கு விற்கப் போகிறீர்கள்?

சின்ன ஊரில் மாணவர்கள் முதலில் யோசிப்பது இந்திய மளிகை, டிஃபன், பிரியாணி. வாடிக்கையாளர் தயாராக இருக்கிறார்களே, கூடப் படிக்கும் மாணவர்கள்! ஆனால் இதில்தான் பெரிய ரிஸ்க். உச்சவரம்பு வந்து மாணவர் எண்ணிக்கை குறைந்தால், வாடிக்கையாளரும் குறைவார்கள். செமஸ்டர் முடிந்தால் ஊரே காலி. அரசின் ஓர் அறிவிப்பு, முதலாளியின் விசாவையும் அடிக்கும், அவர் கடையின் வியாபாரத்தையும் சேர்த்தே அடிக்கும்.

உள்ளூர் மக்களுக்குத் தேவையானதைத் தரும் தொழில் இந்த அடியைத் தாங்கும். முதியோர் அதிகமுள்ள ஊரில் வீட்டுப் பராமரிப்பு, பனி அகற்றுதல், சிறு கடைகளுக்கான கணக்கு எழுதும் சேவை, ஓய்வுபெறும் உரிமையாளரிடமிருந்து வாங்கி நடத்தும் பழைய கடை. பார்க்க கவர்ச்சியாக இருக்காது. ஆனால் மே மாதத்திலும் கல்லாவில் காசு விழும்.

கதவு மூடுவதும் உண்டு

இந்தப் பாதைகள் எதுவும் நிரந்தரம் இல்லை. சஸ்காட்சுவான் மாகாணத்தில் வெளிநாட்டு மாணவர்களுக்கான தொழில் முனைவோர் பிரிவு இருந்தது. 2025 மார்ச்சில் அது நிரந்தரமாக மூடப்பட்டது. புதுமையான நிறுவனங்களைத் தொடங்குபவர்களுக்காக 2013இல் வந்த மத்திய அரசின் ஸ்டார்ட் அப் விசா திட்டமும், 2025 டிசம்பர் இறுதியோடு புதிய விண்ணப்பங்களுக்கு மூடப்பட்டது.

மாகாணங்கள் பரிந்துரைக்கும் இடங்களின் மொத்த இலக்கும் ஏறி இறங்குகிறது. 2024இல் 1.10 லட்சம். 2025இல் பாதியாக, 55 ஆயிரம். 2026க்கு 91,500. படிப்பில் சேரும் நாளில் இருக்கும் விதி, நாலு வருடம் கழித்து விண்ணப்பிக்கும் நாளில் அப்படியே இருக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உறுதி தருகிறேன் என்று சொல்லும் கன்சல்டன்ட்டிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது.

அப்போ பாதுகாப்பான வழி எது?

இரண்டு காலிலும் நடப்பது. ஓபன் வொர்க் பெர்மிட் என்பதால், பகலில் திறன் சார்ந்த முழுநேர வேலை, மீதி நேரத்தில் சொந்தத் தொழில் என்று இரண்டையும் செய்ய சட்டம் அனுமதிக்கிறது. வேலையின் நாட்கள் எக்ஸ்பிரஸ் என்ட்ரிக்குக் கணக்காகும். தொழிலின் நாட்கள் அதற்கு உதவாது, ஆனால் கெடுக்கவும் செய்யாது. பி.ஆர் கைக்கு வந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, கடன் வாங்கி, தொழிலைப் பெரிதாக்கலாம். மெதுவான வழிதான். ஆனால் ஒரு கதவு மூடினாலும் இன்னொன்று திறந்திருக்கும்.

கூட்டாளிகளோடு தொடங்குவது இன்னொரு வழி. சில மாகாணப் பிரிவுகள் மூன்றில் ஒரு பங்கு உரிமையை ஏற்பதால், மூன்று நண்பர்கள் சமபங்கில் செலவைப் பிரித்துக்கொள்ளலாம். மூவரும் உண்மையிலேயே நிர்வாகத்தில் இருக்க வேண்டும். முதல் நாளே பங்கு ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டுக்கொள்ள வேண்டும்.

கிளம்பும் முன் கேட்க வேண்டிய கேள்விகள்

பணம் கட்டுவதற்கு முன் கன்சல்டன்ட்டிடமோ காலேஜிடமோ இவற்றைக் கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

• இந்தப் படிப்புக்கு போஸ்ட் கிராஜுவேஷன் வொர்க் பெர்மிட் கிடைக்குமா? எத்தனை மாதத்துக்கு?
• இந்த மாகாணத்தில், இங்கே படித்தவர்களுக்கான தொழில் முனைவோர் பிரிவு இப்போது திறந்திருக்கிறதா?
• அந்தப் பிரிவு கேட்கும் படிப்புக் காலமும் இந்தப் படிப்பின் காலமும் பொருந்துகின்றனவா?
• தொழில் பாதை மூடினால், இதே படிப்பை வைத்து திறன் சார்ந்த வேலை இந்த ஊரில் கிடைக்குமா?
• பாஸ்போர்ட் இன்னும் எத்தனை வருடம் செல்லும்?

பதில் எதுவாக இருந்தாலும், கனடா குடிவரவுத் துறையின் தளத்திலும் அந்தந்த மாகாண அரசின் தளத்திலும் ஒருமுறை நேரடியாகச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கட்டணம் வாங்கிக் குடிவரவு ஆலோசனை தருபவர் கனடாவில் உரிமம் பெற்றவரா என்பதையும் ஆன்லைனில் பார்க்க முடியும். கடை எங்கே போடுவது என்பதை அப்புறம் யோசிக்கலாம். எந்த மாகாணம், எந்தப் படிப்பு என்ற முடிவை மட்டும் டிக்கெட் போடுவதற்கு முன்பே எடுத்தாக வேண்டும்.